ஓடுற கம்ப்யூட்டரைக் குப்பை என்று சொல்லாதீர்கள்!



விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. "டிபிஎம் 2.0 இல்லை சார், 11 ஏறாது. புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். நன்றாக ஓடுவதை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

பேரன் பென்டிரைவ் மூலம் பஸைட் என்ற லினக்ஸை ஏற்றினான். விளையாட்டுக்கென்றே செய்தது, காசு கிடையாது. ஸ்டீம் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றைப் புரோட்டான் ஓட்டிவிடுகிறது.

மறைக்க மாட்டேன்: ஃபோர்ட்நைட், வேலரன்ட் ஓடாது. பேரனே, "பரவாயில்லை தாத்தா" என்றுவிட்டான்.

போட்டோ, ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். ஏற்றும்போது டிஸ்க் அழிந்துவிடும்.

கடன் வாங்கிப் புதுசு வாங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். இதுதான் உங்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம்!