குதிருக்குள் இறங்குவது யார்?

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் அப்பா குதிருக்குள்தான் இருந்தார். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், அறுவடைக்கு முன்பு பெரிய வீட்டின் காலிக் குதிருக்குள் அவரை இறக்கிவிடுவார்கள். அப்போது வயது பத்து. உள்ளே ஒட்டிக் கிடக்கும் பழைய நெல், அந்துப்பூச்சிக் கூடு, எலிப் புழுக்கை எல்லாவற்றையும் சுரண்டிக் கூடையில் போட வேண்டும். இருமிக்கொண்டே ஏறி வருவார். பிறகு அந்த வீட்டார் குதிருக்குள் சாணித் தண்ணீர் தெளிப்பார்கள். பூச்சிக்காக அல்ல, சேரிப் பையன் கால் பட்டதற்காக. நெல் நிரம்பிவிட்டால் அந்தப் பக்கமே அவர் போகக் கூடாது.

செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதியபோது காஞ்சிபுரம் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் வழியே வந்த பஞ்சமி நிலத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். விளைந்த நெல் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

1967 தேர்தலில் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. அந்த அரிசிதான் எங்களை வளர்த்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் குதிர் கிடங்கானபோது உள்ளே இறங்குகிறவர் மாறினாரா?

கிடங்கு வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூட்டை அட்டிகளின் மேல் மாலத்தியான் 15 நாளுக்கு ஒருமுறை, டெல்டாமெத்ரின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெளிப்பார்கள். வண்டு விழுந்துவிட்டால் அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை, டன்னுக்கு மூன்று. அட்டியை உறையால் மூடி, விளிம்பில் மணல் பை வைத்து ஏழு நாள் விடுவார்கள். காற்றின் ஈரம் பட்டதும் மாத்திரையிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். அரிசி வண்டும் சாகும், நெல் துளைப்பானும் சாகும். மனிதரும் சாவார், முறிவு மருந்து கிடையாது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு இதன் வரம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 0.3 பங்கு. அந்த அளவை மூக்கை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது, கருவி வேண்டும். வல்லுநர் மேற்பார்வையில்தான் இம்மருந்தைக் கையாள வேண்டும் என்று நம் விதியும் சொல்கிறது.

நான் போய்ப் பார்த்த ஒரு தனியார் கிடங்கில் கருவி இல்லை. முகத்தில் கட்டத் துண்டு இருந்தது. உறையைப் பிரித்த நால்வரில் மூவர் சேரி, ஒருவர் இருளர். எலித் தொல்லைக்கும் இருளரைத்தான் கூப்பிடுகிறார்கள். சட்டியில் புகை மூட்டி வளைக்குள் வாயால் ஊதி ஊதி நுரையீரல் கெட்ட தலைமுறை அது.

இனி எஃகுச் சைலோ வந்துவிடும், ஆள் தேவையில்லை என்கிறார்கள். சுவரில் கட்டிப்போன தானியத்தை உடைக்க அங்கேயும் ஆளை இறக்குகிறார்கள். 2010 ஜூலையில் இல்லினாய் மாநிலம் மவுண்ட் கேரலில் 14 வயதுச் சிறுவனும் 19 வயது இளைஞனும் அப்படி இறங்கி மக்காச்சோளத்தில் புதைந்து இறந்தார்கள். அங்கே இத்தகைய விபத்துகளைப் பர்டியூ பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகக் குறித்து வைக்கிறது.

சாக்கடை மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று இழப்பீடு சொன்னதற்குப் பின்னால் இயக்கத்தின் உழைப்பு இருக்கிறது. 2013 சட்டத்தின் வரம்பில் மலம் உண்டு, கழிவுநீர்த் தொட்டி உண்டு, நெல் கிடங்கு இல்லை. நெல் 'சுத்தமான' பொருளாம். அதனால் அதைச் சுத்தம் செய்கிறவர் நம் கண்ணிலும்கூடப் படவில்லை. வரதராஜர் கோயில் குடலை இட்லியை யார் தொட்டார் என்று பார்க்கிற ஊர், அந்த அரிசி கிடந்த தரையைக் கூட்டியது யார் என்று கேட்டதில்லை.

தமிழ்நாடு அரசு இதற்குப் புதிதாகக் குழு போட வேண்டியதில்லை. அரசுக் கிடங்கோ தனியார் கிடங்கோ, வாயு அளக்கும் கருவி இல்லாமல் உறையைத் திறக்கக் கூடாது என்று ஆணையிடட்டும். மருந்து வைத்த நாள், திறந்த நாள், திறந்தவர் பெயர் எழுதிய பதிவேடு கிடங்கு வாசலில் இருக்கட்டும். உள்ளே இறந்தால் சாக்கடையில் இறந்தவருக்குரிய அதே இழப்பீடு. காஞ்சிபுரத்தில் சொர்ணவாரி நெல் கிடங்குக்கு வருவதற்குள் முதல் பதிவேட்டைத் தொடங்கிவிடலாம்.