மாரடைப்பும் புள்ளிக்கணக்கும்

மாரடைப்புற்றார் 30 நாளுள் இறக்கும் அபாயத்தைக் கணிக்க, 2000ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகர ஆய்வாளர் 'ரிமி' என்னும் புள்ளிமுறையை வகுத்தனர். வயது 75ஐ எட்டின் 3 புள்ளி. இரத்த அமுக்கம் 100க்குத் தாழின் 3. இவ்வாறு மொத்தம் 14. புள்ளியேதும் பெறாதாருள் நூற்றுக்கொருவரும் இறந்திலர். எட்டைக் கடந்தாருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் மாண்டனர். கட்டிலருகே நின்று விரல்விட்டு எண்ணத்தக்க இக்கணக்கு, யாரை முதலிற் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதென்பதற்கு நல்ல துணையே.

ஆயினும், உடலெடை 67 கிலோவுக்குக் குறைந்தால் அதற்கும் ஒரு புள்ளியாம்! நம்மவருட் பலர் நோயின்றியிருக்கையிலும் அவ்வெடையை எட்டார். பலர்க்கும் பொதுவான புள்ளி எவரைப் பிரித்துக் காட்டும்? பிறர்க்குத் தைத்த சட்டையை அளவு பாராது அணிதல் எமக்கு உடன்பாடன்று. மருத்துவராய் விளங்கும் எம் பழைய மாணவர், தத்தம் வைத்தியசாலைப் பதிவேடுகளை இம்முறையோடு ஒப்புநோக்கி, நம் நாட்டார்க்குப் பொருந்தும் புள்ளிகளை வகுத்துத் தருவாராக.