ஓய்வு பெற்ற பெட்டிகளும் ஓயாத தேவைகளும்

(மூன்றாமாண்டு, பி.ஏ. வரலாறு)

மனிதன் ஓய்வு பெற்றால் அவனுக்கு ஓய்வூதியம் உண்டு. மாலை மரியாதை உண்டு. மடியில் தவழப் பேரப்பிள்ளைகள் உண்டு. இரயில் பெட்டி ஓய்வு பெற்றால் அதற்கு என்ன உண்டு? ஏலமும், துண்டு போடும் நெருப்பும், உருக்காலையும்தான்! ஏழையையும் செல்வனையும், மணப்பெண்ணையும் நோயாளியையும் வேற்றுமை பாராமல் சுமந்த பெட்டிக்கு வேறு வாழ்வே கிடையாதா? இக்கேள்வியைக் கேட்க வடசென்னை மாணவர்களாகிய நமக்குத் தனி உரிமை உண்டு என்பது என் கருத்து.

அந்த உரிமை எப்படி வந்தது? தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் தோன்றியதும் அதே 1856-இல்தான். 1955 அக்டோபர் 2 அன்று பண்டித நேரு பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். நாம் ஐ.சி.எப். என்று அழைக்கும் அத்தொழிற்சாலையின் பெட்டிகள் இந்தியா முழுவதும் ஓடின. ஓடிக் களைத்து வரும் வண்டிகளைக் கழுவித் துடைத்து மறுநாளுக்கு ஆயத்தம் செய்யும் பணிமனை பேசின் பிரிட்ஜில் இருக்கிறது. ஆக, பெட்டி பிறப்பதும், அதன் நோய் தீர்வதும், அது இளைப்பாறுவதும் நம் வட்டாரத்தில்தான்!

ஐ.சி.எப். தனது பழைய வகைப் பெட்டியின் உற்பத்தியை 2018 ஜனவரியில் நிறுத்திக்கொண்டு, எல்.எச்.பி. எனும் புதிய வகைக்கு முழுவதுமாக மாறிவிட்டது. பழைய வகைப் பெட்டிக்கு இரயில்வே விதித்த ஆயுள் 25 ஆண்டுகள். அக்கணக்கில் கடைசிப் பெட்டிக்கே 2043-இல் வயது முடிந்துவிடும். அதற்கு முன்பே அவற்றை மாற்றிவிட இரயில்வே முனைந்து வருகிறது. எனவே வரும் ஆண்டுகளில் ஓய்வு பெறும் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை.

இரயில்வே இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உடைத்து விற்கிறது என்று சொன்னால் அது நியாயமாகாது. சன்னல்களை அடைத்து, பெட்டியின் முனைகளில் கதவு வைத்து, புதிய கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாகப் பலவற்றை மாற்றியிருக்கிறார்கள். வாலாஜாபாத்திலிருந்து வடநாட்டுக்குக் கார்கள் போவது இத்தகைய வண்டிகளில்தான். விபத்து மீட்பு வண்டியாகவும், பாதை பராமரிக்கும் ஊழியர் தங்கும் இடமாகவும் பழைய பெட்டிகள் உழைக்கின்றன. 1991-இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட 'லைப்லைன் எக்ஸ்பிரஸ்' எனும் மருத்துவமனை இரயில், மருத்துவரைக் காணாத சிற்றூர்களுக்கு அறுவை சிகிச்சையையே கொண்டு சென்றது. 2020-இல் கொரோனா வந்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் நடுப் படுக்கையை அகற்றி, நோயாளரைத் தனிமைப்படுத்தும் அறைகளாக்கினார்கள். அதே 2020-இல் அசன்சோல் நிலையத்தில் பழைய பெட்டிகள் உணவகமாயின. பின்னர் சென்னையிலும் அப்படிப்பட்ட உணவகங்கள் வந்துவிட்டன. மைசூர் அசோகபுரத்திலோ, அவ்வாண்டே இரண்டு பெட்டிகள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறைகளாயின.

உண்பதற்கு ஒரு பெட்டி உண்டு என்றால், படிப்பதற்கு ஒரு பெட்டி வேண்டாமா? இதுதான் என் கேள்வி.

காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நம் தோழர்கள் எத்தனை பேர் ஒற்றை அறை வீட்டில் வாழ்கிறார்கள்! அந்த அறையே சமையற்கட்டு, அதுவே படுக்கையறை, தொலைக்காட்சி ஒலிப்பதும் அங்கேதான். இரவுப் பணி முடித்து வந்த தந்தை உறங்கும்போது விளக்கைப் போட முடியுமா? தேர்வுக் காலத்தில் கோயில் மண்டபத்தையும் தெருவிளக்கையும் நாடுவோர் நம்மிடையே இன்றும் உண்டு. கொளத்தூரில் 2024-இல் 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டபோது படிக்க இடம் தேடி இளைஞர்கள் வந்தார்கள். இடம் கொடுத்தால் வருவார்கள் என்பதற்கு அதுவே சான்று.

ஒரு பெட்டி ஏறத்தாழ 70 அடி நீளம், பத்தரை அடி அகலம். அதாவது எழுநூறு சதுர அடிக்கு மேற்பட்ட இடம். படுக்கைகளைக் கழற்றி மேசை போட்டால் நாற்பது பேர் நெருக்கமின்றி உட்காரலாம் என்பது என் கணக்கு. இராயபுரம் நிலைய வளாகத்தில் ஒரு பெட்டி, திருவொற்றியூரில் ஒரு பெட்டி, எண்ணூரில் ஒரு பெட்டி என்று முதலில் மூன்று போதும். இராயபுரத்தைப் பெரிய முனையமாக்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு இது குறுக்கே நிற்காது. கட்டிடத்தை நகர்த்த முடியாது, பெட்டியை நகர்த்தலாம். சக்கரம் இருக்கிறதே!

எதிர்ப்புகளும் எழும். உடைத்து விற்றால் இரும்புக்கு விலை கிடைக்குமே என்பார்கள். உண்மைதான். பெரும்பாலான பெட்டிகள் உருக்காலைக்கே போகட்டும். நாம் கேட்பது மூன்றே மூன்று. வெயிலில் நின்ற பெட்டி அடுப்பாகும் என்பார்கள். கொரோனாப் பெட்டிகளிலும் இக்குறை பேசப்பட்டது. அதனால் மேலே கூரைப் பந்தல் வேண்டும். மாலையிலும் இரவிலுமே பெரும்பாலும் திறந்தால் போதும். ஓடும்போது அச்சின் சுழற்சியால் மின்சாரம் பெற்று 110 வோல்ட்டில் எரியும் விளக்குகள் அவை. நின்ற பெட்டிக்கு வீட்டு மின்சாரத்துக்கேற்பக் கம்பிகளை மாற்ற வேண்டும். இவையெல்லாம் நம் பெரம்பூர்த் தொழிலாளர்களுக்குக் கைவந்த கலை அல்லவா?

மூன்றாவது எதிர்ப்புதான் என் நெஞ்சைத் தொடுவது. "ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு, அனல் மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்துக்கு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மிதந்த எண்ணெயும் நம் மீனவர் வலைக்கே. இப்போது கழித்த பெட்டியும் நம் தலையிலா?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான சினம்! நியூயார்க் நகரம் 2001 முதல் பத்தாண்டுகளில் 2,500-க்கும் மேற்பட்ட பழைய சுரங்க இரயில் பெட்டிகளை மீன்கள் தங்கும் பாறைகளாகட்டும் என்று அட்லாண்டிக் கடலில் இறக்கியது. சில நிலைத்தன, துருவேறா எஃகுப் பெட்டிகளோ விரைவிலேயே நொறுங்கின. நம் கடலிலும் அப்படிப் போடலாமே என்று யாரேனும் சொன்னால் நானே முதலில் எதிர்ப்பேன். ஏற்கெனவே சுமை தாங்கும் கடல் நம்முடையது.

ஆனால் பிறர் கொண்டுவந்து கொட்டியது வேறு. நாம் கேட்டுப் பெற்றது வேறு. ஆகவே நிபந்தனையோடு கேட்போம். பழைய வண்ணப் பூச்சிலும் உட்பூச்சிலும் நச்சுப் பொருள் இருந்தால் முற்றும் அகற்றிய பின்பே தர வேண்டும். கடற்காற்று இரும்பைத் தின்னும். ஆண்டுதோறும் வண்ணம் பூசவும், காவலர் ஒருவரை அமர்த்தவும் பொறுப்பும் பணமும் யாருடையவை என்பதை முன்னதாகவே எழுத்தில் வைக்க வேண்டும். காவலற்ற பெட்டி ஓராண்டில் சீட்டாடும் இடமாகிவிடும்! எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியைக் காட்டி, கட்ட வேண்டிய நூலகத்தைக் கட்டாமல் விடக் கூடாது. பெட்டி நூலகத்துக்கு மாற்றன்று. நூலகம் வரும்வரை ஒதுங்க ஒரு நிழல்.

நம் கல்லூரி மாணவர் பேரவையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்ந்து சென்னைக் கோட்ட இரயில்வே மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பட்டும். மாலைதோறும் முறைவைத்துப் பெட்டியைத் திறந்து மூடும் பணியை நாம் ஏற்போம் என்றும் அதில் எழுதுவோம். விரிவுரையாளர்கள் வாரம் ஒரு நாள் வந்து ஐயம் தீர்த்தால் இன்னும் நன்று.

1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட வண்டி ஊர்களை இணைத்தது. நகராமல் நிற்கும் ஒரு பெட்டி, ஒற்றை அறை வீட்டுப் பிள்ளையைப் பட்டத்தோடு இணைக்கும். கேட்போமா, தோழர்களே?