தூரமா, வெளிச்சமா?
வாத்தியார் மேசையிலிருந்து



சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய். அவருடைய மகன் படிவம் ஐந்து முடித்துவிட்டுப் பட்டணத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கப் போகிறவருக்குக் கையாளாகப் போய் வருகிறான். இப்போது சொந்தமாக ஒரு கேமரா வேண்டும் என்கிறானாம். கடையில் பழைய சரக்காக இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று தொழில்காரர்கள் வைத்திருந்த கனமான டி.எஸ்.எல்.ஆர். கேமரா. மற்றொன்று கைக்கு அடக்கமான, 50 மடங்கு ஜூம் உள்ள சிறிய கேமரா. மகன் பழைய கனத்த கேமராவைத்தான் கேட்கிறான். கடைக்காரரோ, “அது கிழட்டுச் சரக்கு, சின்னதை வாங்குங்கள்” என்கிறார்.

“சார், சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு இது. கிழட்டுக் கேமராவுக்கா என் வியர்வைக் காசைக் கொடுப்பது? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்” என்று முடித்திருந்தார் அந்த அம்மா.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. இப்படிக் கடை வாசலில் நின்று குழம்புகிற குடும்பங்கள் பல உண்டு. ஆகவே, அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால் என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு ஜூம் கேமரா வாங்கினேன். திடலின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் உள்ள பலகையின் எழுத்தைப் படிக்கலாம். எனக்கு அதில் ஒரே பெருமை. அந்த ஆண்டு ஆடித் திருவிழாவின்போது, இரவு எட்டு மணி இருக்கும், கோவில் திண்ணையில் ஒற்றை விளக்கின் கீழே எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் பால்மரம் வெட்டியவர். “வாத்தியாரே, ஐ.சி.யில இருக்கிறதைத் தவிர எனக்குன்னு ஒரு படம் கிடையாது. ஒண்ணு பிடிச்சுக் குடுங்க” என்றார்.

நான் இருபது அடி தள்ளி நின்றபடியே ஜூமை இழுத்து, அந்தச் சிரித்த முகத்தைப் பிடித்தேன். கேமராவின் பின்னால் உள்ள சின்னத் திரையில் படம் அழகாகத்தான் தெரிந்தது. பட்டணத்தில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஈரத் துணியால் துடைத்துவிட்டது போல முகம் கலங்கியிருந்தது. கன்னத்துச் சுருக்கம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. ‘பகலில் இன்னொன்று எடுத்துக் கொடுக்கலாம்’ என்று நாளைக் கடத்தினேன். தீபாவளி வருவதற்குள் பாட்டி போய்விட்டார். வீட்டில் மாட்டப் படம் கேட்டு மகன் வந்தார். இருந்ததைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லைங்க சார்” என்றார். அந்தச் சொல் இன்னமும் என் காதில் இருக்கிறது.

அது கேமராவின் குற்றமன்று, என் குற்றம். அந்தப் பெட்டியால் எது முடியும், எது முடியாது என்பதை நான் தெரிந்துகொள்ளவில்லை. வாருங்கள், அதை இப்போது பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கோன் டி700. தொழில்முறைக் கேமரா. மற்றொன்று, 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த கெனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்50. கச்சிதமான ஜூம் கேமரா. கடைக்காரர்கள் முதலில் சொல்லும் கணக்கு மெகாபிக்சல் கணக்குத்தான். அதில் இரண்டும் சமம்! இதற்கும் 12.1, அதற்கும் 12.1. அதாவது, இரண்டுமே ஏறக்குறைய 12 மில்லியன் புள்ளிகளைக் கொண்டுதான் ஒரு படத்தை ஆக்குகின்றன. அப்படியானால் நான்கு ஆண்டு புதியதும் ஜூம் கூடியதுமான சின்னக் கேமராதானே மேல் என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

லென்சு வழியாக வரும் வெளிச்சத்தை வாங்குவதற்குக் கேமராவுக்குள்ளே ஒரு தகடு இருக்கிறது. சென்சார் என்பார்கள். டி700-இல் அந்தத் தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அந்தக் காலத்துப் பிலிம் சுருளில் ஒரு படம் இருக்குமே, அந்த அளவு. சின்னக் கேமராவின் தகடோ 6 மில்லிமீட்டர் நீளம், நாலரை மில்லிமீட்டர் அகலம். சுண்டுவிரல் நகத்திலும் சிறியது. பரப்பைக் கணக்கிட்டால் பெரியது சிறியதைப் போல் 30 மடங்கு!

மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. வெட்டவெளியில் நூறு வாளிகளை வரிசையாக வையுங்கள். பக்கத்தில் நூறு தைலக் குப்பிகளின் மூடிகளை வையுங்கள். எண்ணிக்கை இரண்டும் நூறுதான். பெருமழை பெய்தால் வாளியும் நிறையும், மூடியும் நிறையும். குறையில்லை. ஆனால், தூறல் போட்டால்? வாளி ஒவ்வொன்றிலும் ஓரளவு தண்ணீர் சேர்ந்திருக்கும். மூடிகளிலோ ஒன்றில் இரண்டு துளி, பக்கத்தில் உள்ளதில் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததில் மூன்று துளி என்று ஏறுமாறாக இருக்கும்.

வெளிச்சமும் அப்படித்தான். நண்பகல் வெயில் என்பது பெருமழை. கோவில் விளக்கும் கல்யாண மண்டபத்து விளக்கும் தூறல். தூறலில் சின்னக் கேமராவின் புள்ளிகள் ஏறுமாறாக நிறைகின்றன. போதாத வெளிச்சத்தைக் கேமரா தானே பெருக்கிக் காட்டப் பார்க்கிறது. சரியாக எடுக்காத வானொலி நிலையத்தின் ஒலியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுகிறதல்லவா? அதுபோலப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கிளம்புகின்றன. அவற்றை மறைக்கக் கேமரா தானே படத்தைத் தேய்த்து மழுப்புகிறது. அந்தத் தேய்ப்பில் பாட்டியின் கன்னத்துச் சுருக்கமும் சேர்ந்தே போயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஜூமை இழுக்க இழுக்க லென்சின் கண் சுருங்குகிறது. எஸ்எக்ஸ்50-இல் ஜூம் இழுக்காதபோது அந்த அளவு எஃப்3.4. முழுவதும் இழுத்தால் எஃப்6.5. அதாவது, உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான். இருட்டில் ஜூமை இழுப்பது, தூறலில் மூடிக்கு மேலே குடை பிடிப்பது போல. டி700-இல் மாட்டுகிற 50 மில்லிமீட்டர் எஃப்1.8 லென்சு, வெறும் 155 கிராம்தான், அந்த எஃப்3.4 கண்ணைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்றரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

அப்படியானால் சின்னக் கேமரா உதவாதா? அப்படிச் சொன்னால் நான் பொய்யன். எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் நண்பர் ஒருவர் 50 மில்லிமீட்டர் லென்சு மாட்டிய பழைய பெரிய கேமராவோடு நின்றார். நான் என் சின்ன ஜூம் கேமராவோடு நின்றேன். நல்ல வெயில். 100 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கழன்ற காலணியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்து கோட்டைத் தொட்டாள். நண்பர் படத்தில் அந்தப் பிள்ளை எறும்பளவு. என் படத்தில் பல்லைக் கடித்த முகமும் கையில் உள்ள காலணியும் தெளிவாக இருந்தன. அவள் அப்பா அதை அச்சடித்து வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார்.

தூரத்தைப் பிடிப்பது சின்னக் கேமராவின் பலம். எஸ்எக்ஸ்50-இன் ஜூம் 24-இலிருந்து 1200 மில்லிமீட்டர் லென்சுக்குச் சமம். எடை, பாட்டரியும் சேர்த்து 595 கிராம். பெரிய கேமராக்களுக்கென்று கெனான் நிறுவனம் முன்பு 1200 மில்லிமீட்டர் லென்சு ஒன்று செய்தது. அதன் எடை 16.5 கிலோ! அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் பிடிப்பது போல. தகடு சிறியதாக இருப்பதால்தான் அவ்வளவு சிறிய லென்சு போதுமாகிறது. பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன, பாருங்கள்.

அன்றியும், சின்னக் கேமரா வீடியோ எடுக்கும். டி700 எடுக்காது. டி700-இன் வெறும் உடல் மட்டுமே பாட்டரி இல்லாமல் 995 கிராம். அது கேட்கும் சி.எஃப். கார்டு சின்னப் பட்டணத்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஆனால், அதன் கண்ணாடி வழியாகக் கண்ணால் நேரே பார்க்கலாம். தாலி கட்டும் அந்த ஒரு விநாடியில் பொத்தானை அழுத்தியதும் படம் விழும். சின்னக் கேமரா இருட்டில் குவியம் தேடிக்கொண்டிருக்கும்போது மூன்று முடிச்சும் விழுந்துவிடும்.

“கைப்பேசி இருக்கிறதே, சார்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இக்காலக் கைப்பேசிகள் இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்துத் தாமே சேர்த்துக்கொள்கின்றன. அஞ்சடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் பிடிக்க அதுவே போதும். அதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஓடுகிற பிள்ளைக்கும் இருட்டு மண்டபத்தில் நடமாடுகிற மாப்பிள்ளை, பெண்ணுக்கும்தான் வேறு கருவி வேண்டும்.

சரி, அந்த அம்மாவுக்கு என் பதில் இது. அம்மா, உங்கள் மகன் கேட்பது சரிதான். அவன் போகப் போவது கல்யாண வீடுகளுக்கும் கோவில்களுக்கும். அங்கே தூரம் குறைவு, வெளிச்சமும் குறைவு. பழைய தொழில்முறைக் கேமராவே அவனுக்கு ஏற்றது. அவன் பள்ளித் திடலிலும் பறவைகளையும் படம் பிடிக்கிறவனாக இருந்தால் சின்னதை வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால், காசைக் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்.

முதலாவது, அந்தக் கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேட்கட்டும். டி700-இன் ஷட்டர் 150,000 தடவை அடித்துச் சோதிக்கப்பட்டது. அந்தக் கணக்கு படத்தின் கோப்பிலேயே பதிவாகியிருக்கும்; கணினியில் பார்க்கலாம். கடைக்காரர் காட்ட மறுத்தால் வேறு கடை பார்க்கலாம்.

இரண்டாவது, லென்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கட்டும். சிலந்தி வலை போல வெள்ளை நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். நம் நாட்டு ஈரக் காற்றில் லென்சுக்கு வரும் பெரிய நோய் அது. விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, வெறும் உடலுக்கே எல்லாக் காசையும் கொடுத்துவிடக் கூடாது. லென்சு, பாட்டரி, கார்டு எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டும். அந்தத் தொகை சீட்டுப் பணத்துக்குள் அடங்கவில்லையென்றால் பொறுத்திருப்பது நல்லது. கடன் வாங்க வேண்டாம்.

நான்காவது, வாங்கிய பிறகு துணி அலமாரியிலோ தோல் பையிலோ வைக்க வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.

சின்ன ஜூம் கேமராவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம். பகலில் அதற்குக் குறைவில்லை. இரவில் ஒரே ஒரு பாடத்தை நினைவில் வையுங்கள்: ஜூமை இழுக்காதீர்கள், நடந்து கிட்டே போங்கள். கேமராவைத் தூணிலோ சுவரிலோ அண்டக் கொடுத்துப் பிடியுங்கள். அன்று நான் அந்த இருபது அடியை நடந்திருந்தால், அதே கேமராவில் பாட்டியின் முகம் இதைவிட நன்றாக வந்திருக்கும். என் கால் செய்ய வேண்டிய வேலையை ஜூமிடம் விட்டேன்.

கடைசியாக அந்த மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, கேமரா வந்ததும் முதல் படம் உன் அம்மாவுடையதாக இருக்கட்டும். வேலை முடிந்து வந்து, குளித்து, சன்னல் ஓரமாக உட்காரும் நேரத்தில் கிட்டே போய் எடு. அதைக் கருவிக்குள்ளேயே பூட்டி வைக்காமல், பட்டணத்துக்குப் போகும்போது அச்சடித்துக் கொண்டு வந்து அவர் கையில் கொடு. நாளைக்கு எடுக்கலாம் என்று மட்டும் இராதே.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். வணக்கம்.