பெரிய எண் எல்லாம் பெரியது அல்ல

 

போன வாரம் தம்பி மகளுக்கு லேப்டாப் வாங்கப் போனோம். பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று பழையதைப் புதுப்பித்தது. ஐ7, 16 ஜிபி ரேம், விலையும் குறைவு. மற்றது புதியது, ஐ3, 8 ஜிபி ரேம். "அத்தை, ஐ7தான் பெருசு, அதையே வாங்கலாம்" என்றாள். மூன்றைவிட ஏழு பெரிது என்று வருடக்கணக்கில் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

ஐ7-க்குப் பின்னால் உள்ள எண்ணைப் படிக்கச் சொன்னேன். 7500யூ. முதலில் உள்ள 7 என்பது ஏழாம் தலைமுறை. 2016-இல் வந்தது, இரண்டே கோர். ஐ3-இல் இருந்தது 1215யூ. அது 12-ஆம் தலைமுறை, 2022-இல் வந்தது, ஆறு கோர். அதைவிட முக்கியம், அந்தப் பழைய சிப் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே டீச்சர் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். போடலாம், நன்றாகவே ஓடும். வீட்டில் விவரம் தெரிந்தவர் இருந்தால் சரி. எங்கள் வீட்டில் இல்லை. பேட்டரியும் பழையது.

நானும் ஏமாந்தவள்தான். 2019-இல் 1 டிபி என்ற எண்ணைப் பார்த்து மயங்கி, எஸ்எஸ்டி இல்லாத, 4 ஜிபி ரேம் உள்ள ஒன்றை வாங்கினேன். ஆன் செய்துவிட்டு காபி போட்டுக் குடித்து வரலாம். அவ்வளவு நேரம் எடுக்கும்.

அதில் கற்றது இதுதான். பணம் குறைவாக இருந்தால், பிறகு மாற்ற முடியாததற்கு முதலில் செலவழியுங்கள். சிப்பையும் திரையையும் பிறகு மாற்றுவது நடக்காத காரியம். ரேமைக் கூட்டலாம். ஆனால் காலி ஸ்லாட் இருக்கிறதா, ரேம் போர்டோடு ஒட்டியதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். சி, பைத்தான், ஜாவா படிக்கத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

புதிய ஐ3-யையே வாங்கினோம். முழு எச்டி திரை, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு காலி ஸ்லாட். மிச்சப் பணத்தை ரேமுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. தோழிகளிடம் ஐ7 என்று சொல்ல முடியாதே!

கம்பெனிகளில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து யாராவது போன் செய்து கேட்டால், "16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதே" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அது உங்கள் சம்பளத்துக்குச் சரியான பதில். கையில் எவ்வளவு இருக்கிறது, என்ன படிக்கிறாய் என்று முதலில் கேளுங்கள். உங்கள் பத்து நிமிடம் ஒரு குடும்பத்தின் சீட்டுப் பணத்தைக் காப்பாற்றும்.

நான் சொன்னதில் பிழை இருந்தால் கமெண்டில் திருத்துங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.