தொட்டிற் குழந்தையும் தலைக்கணக்கும்

கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, "வீட்டில் எத்தனை பேர்?" என வினவினால் என்ன விடை பகர்வீர்கள்? நம் அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கங்களில், துபாயிலிருக்கும் கணவரை முதலில் சொல்வோர் உண்டு. தொட்டிலில் உறங்கும் மழலையை மறப்போரும் உண்டு. கணக்கெடுப்புக் காலம் முழுதும் அயல்நாட்டில் இருப்பவர் இதில் சேரார். முதல்நாள் பிறந்த சிசு சேரும்!

இத்தகைய பிழைகளை அளந்தறியவே, கணக்கெடுப்பு முடிந்தபின் சில பகுதிகளை மட்டும் தேர்ந்து, மீண்டும் வீடுவீடாக எண்ணி, இரு பட்டியல்களையும் பெயருக்குப் பெயர் ஒப்பிடுகின்றனர். இருமுறை எண்ணப்பட்டோரைக் கழித்தும், 2011-இல் நாடெங்கும் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தனர். 1991-இல் ஏறத்தாழ 18. ஆயினும், வெளியிட்ட மக்கள்தொகையை இதைக்கொண்டு திருத்துவதில்லை. விடுபட்ட மழலை, அடுத்த கணக்கெடுப்பு வரை ஏட்டில் இல்லாத பிள்ளையே.