கைக்காப்பு உறை மாற்றுதல்

சுடச்சுட ரைபிளின் குழல் கொதிக்கும். அதைத் தாங்கும் கை வெந்துபோகாமல் காப்பது கைக்காப்பு உறை. அமெரிக்காவின் எம்16 ரைபிளில் முதலில் வந்த முக்கோண உறையில் இடப்பாதி வலப்பக்கம் பொருந்தாது. 1980களின் எம்16ஏ2 வகையில் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அச்சு. உதிரியாக ஒரே வகைப் பாதி போதும். எளிய, அருமையான திருத்தம் அது. எம்16 குடும்பத்தைச் சேர்ந்த ஏஆர்-15 ரைபிளை வைத்திருக்கும் புதியவர் இந்த இருபாதி உறையில் பழகுவதே நல்லது. மேகசினைக் கழற்றி, குண்டு அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். உறையின் பின்முனையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வளையத்தைப் பின்னால் இழுத்தால் பாதிகள் கழன்றுவரும். ஸ்பிரிங் முரடு, இன்னொருவர் கைகொடுத்தால் எளிது. குழலைத் தொடாமல் நிற்கும் உறைக்குப் பெரும்பாலும் குழலை இறுக்கிப் பிடிக்கும் நட்டையே மாற்ற வேண்டும். முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனர் இல்லாதவர் அதில் கைவைக்கக் கூடாது.